போர்ச்சுகல்ல சின்ன ஊர்களா பாத்து மூணு வாரம், ரெண்டே பேர், அவசரமே இல்லாம. எந்த ஊர்ல தங்கலாம்?

பொன்னி கும்பகோணம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் அடுத்த ஏப்ரல் கடைசிலேந்து மே நடு வரைக்கும் போர்ச்சுகல் போலாம்னு இருக்கோம். அவருக்கு 66, எனக்கு 61. முன்னாடி ஒரு தடவை குரூப் டூர்ல ஐரோப்பா போயிட்டு வந்தோம், விடியகாலைல பெட்டிய ரூம் வாசல்ல வை, பஸ்ல ஏறு, இறங்கு, போட்டோ எடு, மறுபடி ஏறுன்னே போச்சு. ஊர் பேரெல்லாம் ஞாபகம் இருக்கு, ஊர்தான் ஞாபகம் இல்ல. அவர் அப்பவே சொல்லிட்டார், இனிமே போனா ஒரு ஊர்ல டீக்கடைக்காரர் நம்ம முகத்த அடையாளம் கண்டுக்கிற வரைக்கும் உக்காரணும், இல்லன்னா வீட்லயே இருக்கலாம்னு. எனக்கும் அதே ஆசைதான்.

ஏன் போர்ச்சுகல்னா, பெரிய காரணம் ஒண்ணும் இல்ல, ரெண்டு பேருக்கும் பழைய ஊர், கோட்டை மதில், ஓட்டு வீடு, ஆறு இதெல்லாம் பிடிக்கும், மத்த மேற்கு ஐரோப்பாவ விட செலவு கம்மின்னு சொல்றாங்க, அந்த மாசத்துல வெயிலும் இதமா இருக்குமாம். லிஸ்பன்ல நாலு நாள், அப்புறம் போர்ட்டோ, நடுவுல ஓபிதோஸ், தோமார், கொயிம்ப்ரா, எவோரா, கீழ அல்கார்வ் கடற்கரைன்னு அவர் ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கார். எனக்கு அத பாத்தாலே மறுபடி அந்த பஸ்தான் ஞாபகம் வருது. எத வெட்டலாம், எத வச்சுக்கலாம் சொல்லுங்க. கார் ஓட்டுற எண்ணம் இல்ல, ரயில் பஸ் போதும். எனக்கு முட்டி வலி உண்டு, சமதரைல எவ்வளவு தூரம் வேணா நடப்பேன், இறக்கம்தான் கஷ்டம். நான் சைவம் (முட்டை சேத்துப்பேன்), அவர் மீன் சாப்பிடுவார். அங்க போய் மூணு வாரம் பிரெட்டும் ஆப்பிளுமா ஓட்டணுமோன்னு ஒரு பயம் இருக்கு.

போயிட்டு வந்தவங்க, அங்கயே இருக்கறவங்க யாரா இருந்தாலும் விவரமா எழுதுங்க ப்ளீஸ்.


ரயில்பிரியன் கோவை எழுதியது:

பொன்னி மேடம், உங்க வீட்டுக்காரர் சொன்ன டீக்கடை கணக்குதான் சரியான கணக்கு, அத விட்றாதீங்க. அதுக்காக நோட்டுல இருக்கற ஊர்ல பாதிய அடிச்சுடணும். மூணு வாரத்துக்கு மூணு ஊர், மிஞ்சிப் போனா நாலு. ஒவ்வொரு ஊர் மாறும்போதும் ஒரு நாள் அப்படியே போயிடும், ரூம் காலி பண்ணி, ஸ்டேஷன் போயி, அடுத்த ரூம் சாவி மூணு மணிக்கு மேல குடுப்பாங்கன்னு பெட்டியோட உக்காந்து... அத யாரும் கணக்குல எடுக்கறதில்ல.

என் ஓட்டு எவோராவுக்கும் தோமாருக்கும். ரெண்டுக்குமே லிஸ்பன்லேந்து நேரா ரயில் இருக்கு, எவோராவுக்கு ஒன்றரை மணி நேரம் போல, தோமாருக்கு ரெண்டு மணி நேரம் போல. தோமார் ரயில் ஊருக்குள்ளயே போய் முடியுது, இறங்கி நடந்தே ஆத்தங்கரைக்கு வந்துடலாம். ஊரு சின்னது, நபாவ் ஆறு நடுவுல ஓடுது, ஆத்துக்கு நடுவுல ஒரு திட்டுல பூங்கா, மேல மலைல 1160ல டெம்ப்ளர்னு சொல்ற சிலுவைப் போர் துறவி வீரர்கள் கட்ட ஆரம்பிச்ச கோட்டை, அதுக்குள்ள கிறிஸ்து மடம். மடத்துக்குள்ள இருக்கற வட்டமான பழைய கோயில்ல வீரர்கள் குதிரை மேல உக்காந்தபடியே பூசை கேட்டாங்கன்னு ஒரு கதை சொல்லுவாங்க, கதையோ நிஜமோ, அந்த வட்டத்துக்குள்ள நின்னு மேல பாத்தா கழுத்து வலிக்கற வரைக்கும் பாத்துட்டே இருக்கலாம். வெளிப்பக்கம் ஒரு ஜன்னல் இருக்கு, கல்லுலயே கப்பல் கயிறு, முடிச்சு, பவளம், கடல் பாசின்னு செதுக்கி வச்சிருக்காங்க. வாஸ்கோ ட காமா காலத்து கப்பல் பாய்ல இருந்த சிவப்புச் சிலுவை இந்த மடத்தோட சபை அடையாளம்தான், கடல் பயணத்துல வந்த பணம் எங்க போச்சுன்னு அந்த ஜன்னல பாத்தா தெரியும். இத அரை நாள்ல பாத்துட்டு பஸ் ஏறிடுவாங்க டூர்க்காரங்க. நீங்க ரெண்டு தடவை போங்க, நடுவுல ஒரு நாள் சும்மா இருங்க.

கீழ ஊருக்குள்ள 15ஆம் நூற்றாண்டு யூதத் தொழுகைக் கூடம் ஒண்ணு இருக்கு, ஒரு ரூம்தான், மூலைல எல்லாம் சுவருக்குள்ள மண் ஜாடிய கவுத்து பதிச்சிருக்காங்க, பேசற குரல் நல்லா கேக்கறதுக்காக. அத யாராவது காட்டினாத்தான் கண்ணுக்கு தெரியும், கேட்டு பாருங்க.

இன்னொரு முக்கியமான விஷயம், 65 தாண்டினவங்களுக்கு போர்ச்சுகல் அரசு ரயில்ல பாதி டிக்கெட்தான், வெளிநாட்டுக்காரங்களுக்கும் உண்டு, வயசு காட்ட பாஸ்போர்ட் போதும். ஸாருக்கு கிடைக்கும், உங்களுக்கு இன்னும் கொஞ்சம் வருஷம் இருக்கு. எவோராவுக்கு போற இன்டர்சிட்டி வண்டிக்கு ரிசர்வேஷன் வேணும், தோமார் வண்டி சாதா வண்டி, ஏறி உக்கார வேண்டியதுதான். ரயில் ஸ்ட்ரைக் அடிக்கடி வரும், ஆனா முன்னாடியே அறிவிச்சிடுவாங்க, அன்னிக்கு பஸ்ல போலாம்.

போர்ட்டோவ வெட்ட சொல்ல எனக்கு மனசே வரல, அங்க சாவ் பெந்து ஸ்டேஷன் சுவர் முழுக்க நீல ஓடு, கிட்டத்தட்ட 20,000 ஓடு, ஒரு நாட்டோட சரித்திரத்தையே வரஞ்சு வச்சிருக்காங்க, அங்கேந்து தோரு ஆத்தங்கரையோரமா பின்யாவ் வரைக்கும் போற ரயில்ல வலது பக்கம் உக்காந்தா தண்ணி கூடவே வரும்... ஆனா நீங்க கேட்டது அவசரமில்லாத பயணம், அதனால வெட்டுங்க.


செவ்வந்தி எழுதியது:

பொன்னி அக்கா, நான் லிஸ்பன்லயே இருக்கேன், அதனால தேதி பத்தி ஒண்ணு சொல்லிடறேன், ப்ளான் பண்றதுக்கு முன்னாடி இத பாத்துக்கோங்க.

ஏப்ரல் 25 இங்க பெரிய நாள். 1974ல அன்னிக்குதான் பட்டாளத்துக்காரங்க சர்வாதிகாரத்த கவுத்தாங்க, ஜனங்க துப்பாக்கி முனைல கார்னேஷன் பூவ சொருகினாங்க. இப்பவும் அன்னிக்கு எல்லார் கையிலயும் சட்டையிலயும் சிவப்பு கார்னேஷன், சாயங்காலம் லிஸ்பன்ல அவெனிதா த லிபெர்தாத் ரோட்டுல ஊர்வலம், தாத்தா பாட்டிலேந்து தோள்ல உக்காந்த குழந்தை வரைக்கும் வருவாங்க. அன்னிக்கு நீங்க லிஸ்பன்ல இருக்கற மாதிரி பாத்துக்கோங்க அக்கா, எந்த மியூசியத்துலயும் கிடைக்காது அது.

மே 12, 13 பாத்திமா மாதா கோயில் திருவிழா. தோமாருக்கு பக்கத்துலதான் பாத்திமா, நாடு முழுக்கலேந்து ஜனங்க நடந்தே வருவாங்க, ரோட்டோரம் மஞ்ச ஜாக்கெட் போட்டுட்டு வரிசையா போறத பாக்கலாம். அந்த வாரம் சுத்துவட்டாரத்துல ரூம் கிடைக்கறது குதிரைக்கொம்பு, கிடைச்சாலும் விலை ஏறிடும். அதனால தோமார ஏப்ரல் கடைசிலயே முடிச்சுடுங்க. கொயிம்ப்ராவுல மே மாசம் மாணவர்கள் திருவிழா வரும், ராத்திரி முழுக்க பாட்டு கச்சேரி, ஊரே முழிச்சிருக்கும், உங்களுக்கு அது பிடிக்குமான்னு யோசிச்சுக்கோங்க. அந்த யுனிவர்சிட்டி நூலகம் அருமைதான், ஆனா ஊர் செங்குத்து, உங்க முட்டிக்கு வேண்டாம்னுதான் சொல்வேன்.

இப்போ சாப்பாடு. பயப்படாதீங்க அக்கா. லிஸ்பன்ல இந்திய ஹோட்டல் நெறைய இருக்கு, அது பிரச்சனையே இல்ல. சின்ன ஊர்லதான் கொஞ்சம் சாமர்த்தியம் வேணும். மத்தியானம் எல்லா கடையிலயும் சூப் இருக்கும், காய்கறி அரைச்ச சூப், ஒரு கிண்ணம் குடிச்சாலே பாதி வயிறு ரொம்பிடும். ஆனா பச்சை கீரை சூப்ல பன்னி சாஸேஜ் ஒரு துண்டு மேல போட்டு தருவாங்க, சில இடத்துல கொதிக்கும்போதே போட்டுருவாங்க, அதனால "சேய்ம் கார்ன, சேய்ம் பெய்ஷ்"னு சொல்லி, சூப்பையும் காட்டி கேட்டுக்கோங்க, அப்படின்னா கறியும் வேண்டாம் மீனும் வேண்டாம். முட்டை சாப்பிடுவீங்கல்ல, அப்ப கவலையே இல்ல, ஆம்லெட் எங்க கேட்டாலும் போட்டு தருவாங்க.

எவோரா இருக்கற அலென்தேஜு பக்கம் போனீங்கன்னா உங்களுக்கு ஒரு சந்தோஷம் காத்திருக்கு. ஐரோப்பாவுல அவ்வளவு கொத்தமல்லி போடற இடத்த நான் பாத்ததில்ல. அசோர்தான்னு ஒண்ணு, கொத்தமல்லி, பூண்டு, கல்லுப்பு மூணையும் இடிச்சு, ஆலிவ் எண்ணெய் விட்டு, கொதிக்கிற தண்ணி ஊத்தி, அதுல நேத்து பிரெட்ட பிச்சு போட்டு, மேல ஒரு அவிச்ச முட்டை. நம்ம ரசத்துல ஊறின சாதம் மாதிரி தொண்டைக்கு இதமா இறங்கும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க, சில கடையில அந்த தண்ணியே பக்கலாவ் மீன் வேகவச்ச தண்ணியா இருக்கும்.

சீஸ் விஷயத்துல ஒரு நல்ல சேதி. எவோரா, செர்ப்பா, அசைத்தாவ் ஊர் ஆட்டுப்பால் சீஸ்களுக்கு கன்னுக்குட்டி வயித்துலேந்து எடுக்கற ரெனெட் போடறதில்ல, ஒரு வகை நெருஞ்சி மாதிரி முள்ளுச்செடி பூவ ஊறவச்ச தண்ணிலதான் பால திரிக்கறாங்க. கொஞ்சூண்டு கசப்பு இருக்கும், பிரெட்டோட தின்னா அவ்வளவு நல்லா இருக்கும். கண்டிப்பான சைவத்துக்காரங்க ஐரோப்பாவுல சீஸ தொட யோசிப்பாங்க, இங்க தாராளமா சாப்பிடலாம்.

மேசைல உக்காந்ததும் கேக்காமலே பிரெட், ஆலிவ், வெண்ணெய் கொண்டாந்து வைப்பாங்க, அது இனாம் இல்ல, தொட்டா காசு, வேண்டாம்னா அப்படியே எடுத்துட்டு போக சொல்லலாம், யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. காபிக்கு "கலாவ்"னு கேளுங்க, உசரமான கண்ணாடி டம்ளர்ல பால் தூக்கலா வரும், நமக்கு அதுதான் செட் ஆகும். மத்தியான சாப்பாடு பன்னண்டரைலேந்து ரெண்டரை வரைக்கும்தான், விட்டா ராத்திரி ஏழரை வரைக்கும் அடுப்பு மூடி இருக்கும். சின்ன கடையில கார்டு எடுக்க மாட்டாங்க, அல்லது உள்ளூர் கார்டு மட்டும் எடுப்பாங்க, கையில யூரோ வச்சுக்கோங்க. ஏடிஎம்ல ரூபாயில கழிக்கட்டுமான்னு கேக்கும், யூரோன்னே அமுக்குங்க, ரூபாய அமுக்கினா ரேட்டுல அடிச்சுடுவாங்க.


அச்சுக்கோர்ப்பவன் எழுதியது:

எவோரா போறீங்கன்னா விலா விசோசாவுக்கு ஒரு நாள் போயிட்டு வாங்க, கண்டிப்பா. தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் அவ்வளவு தூரம் போயிட்டு அந்த ஊர பாக்காம வந்தா எனக்கு மனசு ஆறாது, அதான் எழுதறேன்.

அண்ட்ரிக் அடிகளார்னு நம்ம ஊர்ல சொல்ற என்ரிக்கே என்ரிக்கஸ் 1520ல பொறந்த ஊர் அது. 1546ல இந்தியாவுக்கு வந்து, முத்துக்குளித்துறை பரதவர் ஊர்கள்ல இருந்து தமிழ் கத்துக்கிட்டு, 1578ல கொல்லத்துல தம்பிரான் வணக்கம் அச்சடிச்சார். மொத்தமே 16 பக்கம். இந்திய மண்ணுல இந்திய எழுத்துல அச்சான முதல் புத்தகம் அதுதான், அந்த எழுத்து தமிழ் எழுத்து. அதுக்கு முன்னாடியே 1554ல லிஸ்பன்லயே ஒரு தமிழ் புத்தகம் அச்சாச்சு, ஆனா அது ரோமன் எழுத்துல. அப்புறம் 1586ல புன்னைக்காயல்ல அடியார் வரலாறு. 1600ல இங்கயே கண்ண மூடினார், ஊருக்கு திரும்பிப் போகவே இல்ல.

அந்த ஊரே ஒரு அதிசயம். சுத்தி எல்லாம் பளிங்குக் குவாரி, அதனால வாசப்படி, ஜன்னல் நிலை, நடைபாதை ஓரம், ஊர்ல சாதாரண வீட்டுக்கு கூட பளிங்குதான். பெரிய மைதானத்துக்கு முன்னாடி ப்ரகான்சா வம்சத்து அரண்மனை, 110 மீட்டர் நீளத்துக்கு முகப்பு முழுக்க பளிங்கு. கேத்தரின் இளவரசி 1638ல அங்கதான் பொறந்தா, இங்கிலாந்து ராஜா சார்லஸ கட்டிக்கிட்டப்போ பம்பாய் தீவு சீதனமா போச்சே, அந்த கேத்தரின். 1908 பிப்ரவரி 1 அன்னிக்கு கார்லோஸ் ராஜா அந்த அரண்மனைலேந்து கிளம்பி லிஸ்பன் போய் இறங்கின கொஞ்ச நேரத்துல நடு ரோட்டுல சுட்டு கொன்னுட்டாங்க, மூத்த பையனையும் சேத்து. அவர் கடைசியா தூங்கின ரூம அப்படியே வச்சிருக்காங்க. சமையல்கட்டுல நூத்துக்கணக்கா செம்புப் பாத்திரம் தொங்குது, அத பாக்க உங்களுக்கு பிடிக்கும்.

கைடு கூட்டிட்டு போறப்பதான் உள்ள விடுவாங்க, திங்கக்கிழமை கிடையாது. எவோராலேந்து ரயில் கிடையாது, பஸ்தான், அதுவும் வார நாள்ல கொஞ்சம்தான் ஓடும், முந்தின நாளே பஸ் ஸ்டாண்டுல திரும்பி வர்ற கடைசி பஸ் நேரத்த எழுதி வாங்கிக்கோங்க.


மலைப்பாதை எழுதியது:

எல்லாரும் ரயிலுக்கே ஓட்டு போடறீங்க, நான் கொஞ்சம் மாறுபடறேன். அலென்தேஜுவோட உயிரே ரயில் போகாத ஊர்கள்லதான் இருக்கு. மூணு வாரம் முழுக்க வேண்டாம், எவோராவுல இருக்கறப்போ ரெண்டு மூணு நாளைக்கு மட்டும் கார் எடுங்க, ஓட்ட வேண்டாம்னா டிரைவரோட டாக்ஸி பேசிக்கோங்க, ரெண்டு பேருக்கு கட்டுப்படியாகும். ஓட்டறதா இருந்தா நம்ம லைசென்ஸ் கூட இன்டர்நேஷனல் பெர்மிட்டும் வேணும், ரோட்டுக்கு வலது பக்கம் ஓட்டணும், ஆனா அந்த பக்கத்து ரோடு காலியாதான் கிடக்கும்.

மொன்சராஸ் போங்க. குன்று மேல ஒரே தெருவா மதிலுக்குள்ள வெள்ளை வீடு, கார எல்லாம் மதிலுக்கு வெளிலயே நிறுத்திடணும். கீழ அல்கேவா அணை ஏரி, 2002ல மதகு மூடினாங்க, ஒரு ஊர் தண்ணில முழுகறதுக்கு முன்னாடி அத அப்படியே இடம் மாத்தி புதுசா கட்டி குடியேத்தினாங்க. அந்த வட்டாரத்துல ராத்திரி வெளிச்சத்த குறைச்சு வச்சிருக்காங்க, நட்சத்திரம் பாக்கறதுக்குன்னே ஜனங்க வராங்க. ஒரு ராத்திரி அங்க தங்கினீங்கன்னா பால்வெளி மண்டலத்த வெறும் கண்ணால பாக்கலாம், நிலா இல்லாத நாளா பாத்து போங்க. தெரு கல் பாவினது, கொஞ்சம் மேடுபள்ளம், மெதுவா நடந்தா போதும்.

போற வழியெல்லாம் கார்க் மரம், அதோட பட்டைதான் பாட்டில் அடைக்கற கார்க். மரத்துல வெள்ளை பெயின்ட்ல ஒரு நம்பர் எழுதி இருக்கும், 4, 7 அப்படின்னு. அது பட்டை உரிச்ச வருஷத்தோட கடைசி எண். ஒரு தடவை உரிச்சா ஒன்பது வருஷம் தொடக் கூடாது, மரம் வச்சு முதல் பட்டை எடுக்கவே இருபத்தஞ்சு வருஷம் ஆகும். புதுசா உரிச்ச மரம் அடில செக்கச்செவேல்னு நிக்கும். உலகத்து கார்க்ல பாதி இந்த நாட்டுலேந்துதான் போகுது. ஸாருக்கு இதெல்லாம் பிடிக்கும்னு தோணுது, வண்டிய ஓரமா நிறுத்தி இறங்கி தொட்டு பாருங்க.

எவோராலேந்து 15 கிலோமீட்டர்ல அல்மென்ட்ரஸ் கல்வட்டம், இங்கிலாந்து ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்துக்கும் ரொம்ப முந்தினது, தொண்ணூறுக்கு மேல கல்லு, சுத்தி கார்க் தோப்பு, வேலி கிடையாது டிக்கெட் கிடையாது. மண் ரோடு, மழை பேஞ்ச மறுநாள் வேண்டாம். காலைல சீக்கிரம் போனா நீங்க ரெண்டு பேர் மட்டும்தான் இருப்பீங்க.


பொன்னி கும்பகோணம் எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நேத்து ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் அவருக்கு சத்தமா படிச்சு காட்டினேன். கார்க் மரத்து நம்பர் கதைய கேட்டதுலேந்து அவர் வேற எதுவும் பேசல. அண்ட்ரிக் அடிகளார் பேரு எனக்கு பள்ளிக்கூடத்துல படிச்ச ஞாபகம் லேசா இருக்கு, ஆனா அவருக்கு ஒரு ஊர் இருந்திருக்கும், ஒரு தெரு இருந்திருக்கும்னு நெனச்சே பாத்ததில்ல. அந்த ஊர் உறுதி.

இப்போதைக்கு இப்படி மாத்திருக்கோம். ஏப்ரல் 25க்கு லிஸ்பன்ல இருக்கோம். அப்புறம் தோமார், மே பொறந்து ஒண்ணு ரெண்டு நாள் வரைக்கும் அங்க. அப்புறம் கடைசி வரைக்கும் எவோரா, நடுவுல மொன்சராஸ்ல ஒரு ராத்திரி. போர்ட்டோ, கொயிம்ப்ரா, அல்கார்வ் எல்லாம் போச்சு. அல்கார்வ அடிக்கும்போது அவர் கொஞ்சம் முகம் சுளிச்சார், கடல் நம்ம தரங்கம்பாடிலயும் இருக்குன்னு சொல்லிட்டேன்.

மூணு கேள்வி மட்டும் பாக்கி. ஓபிதோஸ் படத்துல அவ்வளவு அழகா இருக்கு, முழுசா விடவா இல்ல ஒரு ராத்திரி வைக்கவா? எவோராவுல மதிலுக்குள்ள தங்கறதா வெளில தங்கறதா? விசாவுக்கு எப்போ போடணும்?


செவ்வந்தி எழுதியது:

அக்கா, ஓபிதோஸ பகல்ல போறதா இருந்தா விட்டுடுங்க. பதினோரு மணிலேந்து அஞ்சு மணி வரைக்கும் அந்த ஒரே தெருவுல லிஸ்பன்லேந்து வர்ற பஸ் கூட்டம், எல்லார் கையிலயும் சாக்லேட் கப்புல செர்ரி மது. ஆனா ராத்திரி தங்கினா அது வேற ஊர். 1282ல தினிஷ் ராஜா கல்யாணத்துக்கு ராணி இசபெல்லுக்கு பரிசா குடுத்த ஊர், அப்புறம் நூத்தாண்டு நூத்தாண்டா ராணிகளோட ஊராவே இருந்தது. ஒரு பழைய சர்ச்ச புத்தகக் கடையா மாத்தி வச்சிருக்காங்க, பலிபீடம் இருந்த பக்கம் வரைக்கும் அலமாரி. கூட்டம் போனப்புறம் விளக்கு போட்ட தெருவுல நடக்கறது சுகம். மதில் மேல மட்டும் ஏறாதீங்க அக்கா, உள்பக்கம் கைப்பிடியே கிடையாது, இறங்கற படி உங்க முட்டிக்கு ஆகாது, ஸார் வேணா ஏறட்டும். லிஸ்பன்ல காம்போ கிராந்தேலேந்து பஸ் ஒரு மணி நேரம்தான். லிஸ்பன் ராத்திரில ஒண்ண குறைச்சு அங்க வைங்க, புதுசா ஒரு ஊர் சேத்த மாதிரி ஆகாது.

இங்க கல் பாவின நடைபாதை பத்தி ஒண்ணு, சின்னச் சின்ன வெள்ளை சுண்ணாம்புக் கல்லு, மழை பட்டா வழுக்கும். அடி ரப்பர் நல்லா பிடிக்கற செருப்பு, மடக்கற கைத்தடி ஒண்ணு கொண்டு வாங்க. அழகா இருக்குன்னு இங்க எல்லாருமே வழுக்கி விழறாங்க, கூச்சமே வேண்டாம்.


ரயில்பிரியன் கோவை எழுதியது:

எவோராவுல மதிலுக்குள்ளதான் மேடம், யோசிக்கவே வேண்டாம். ஸ்டேஷன்லேந்து மதில் பக்கம்தான், டாக்ஸி பிடிச்சாலும் சில்லறை காசு. உள்ள ஜிரால்து சதுக்கத்துக்கு கிட்ட ரூம் எடுத்தா எல்லாமே நடை தூரம், லேசான ஏத்தம்தான். ரோமானியர் கோயில் தூண் ராத்திரி விளக்கு வெளிச்சத்துல பாருங்க. கருங்கல் தூணுக்கு மேல எஸ்த்ரமோஸ் பளிங்கு, 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் நடுவுல சுவர் வச்சு அத கசாப்புக் கூடமா வச்சிருந்தாங்க, அந்த சுவர் இருந்ததாலதான் தூண் விழாம தப்பிச்சதுன்னு சொல்றாங்க. அப்புறம் மதில் பக்கம் ருவா தூ கானு தெருவுக்கு போங்க, 1530கள்ல கட்டின தண்ணி கால்வாய் தூண் தூணா ஊருக்குள்ள இறங்கி வருது, அந்த வளைவுக்குள்ள எல்லாம் வீடும் கடையும் கட்டி இன்னிக்கும் ஜனங்க குடியிருக்காங்க. துணி காயறது, நாற்காலி போட்டு பாட்டி உக்காந்திருக்கறது, மேல பாத்தா கால்வாய். உங்க வீட்டுக்காரர் சொன்ன டீக்கடை அந்த தெரு பக்கத்துலதான் கிடைக்கும்னு நெனைக்கறேன். எலும்பு சேப்பல் பத்தி எல்லாரும் சொல்வாங்க, 5,000 பேரோட எலும்பு வச்சு கட்டினதுன்னு, போறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க, எனக்கு ஒரு தடவை போதும்னு இருந்தது.

2027ல எவோரா ஐரோப்பிய கலாசார தலைநகர், அந்த வருஷம் போறதா இருந்தா ரூம் எல்லாம் ரொம்ப முன்னாடியே போடணும்.

விசா: ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் பொதுவான ஷெங்கன் விசாதான், பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடிலேந்து போடலாம், மூணு மாசம் முன்னாடி போட்டுடுங்க, கோடை நெருங்க நெருங்க ஸ்லாட் கிடைக்காது. கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, அதுக்கு மேல சர்வீஸ் சார்ஜ் தனி. இன்ஷூரன்ஸ் 30,000 யூரோவுக்கு குறையாம இருக்கணும், ஸார் வயசுக்கு எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி தராது, முட்டி வலி மாதிரி ஏற்கனவே இருக்கற பிரச்சனைக்கு கவர் உண்டான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. எல்லா ராத்திரிக்கும் ரூம் புக்கிங் காட்டணும், மொன்சராஸ் ஒரு ராத்திரி உட்பட, அதனால கேன்சல் பண்ணா காசு திரும்ப வர்ற ரூமா போட்டுக்கோங்க. ஏப்ரல் 25க்கு லிஸ்பன் ரூம இந்த வாரமே போட்டுடுங்க.